கிராப்ஸ் மேசையில் பகடைக்குக் காவல்: முதல்முறை ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேசினோ என்ற சூதாட்ட விடுதியில், இரண்டு பகடைகளை வீசிப் பந்தயம் வைத்து ஆடும் கிராப்ஸ் மேசையில் முதன்முதலாகப் பகடை என்னிடம் வந்தபோது, நான் செய்த முதல் காரியமே தப்பாகப் போய்விட்டது. இரண்டு பகடைகளையும் வலது கையில் எடுத்தேன். பதற்றத்தில் உள்ளங்கை வியர்த்திருந்தது. பகடைகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைச் சட்டையில் துடைத்தேன். அவ்வளவுதான், எதிரே நீளக் குச்சியோடு நின்றவர் "ஒரே கைதான், சார்" என்றார். மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டினார். பகடைகள் அவரிடம் போயின. ஒவ்வொன்றாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கொடுத்தார். யாரும் கோபப்படவில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்களோ என்று முகம் சூடாகிவிட்டது.

அந்த மேசையில் இருக்கும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பழைய மோசடி இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரே கை விதி, எதிர்ச்சுவர் விதி, ஐந்து பகடைகளை முன்னால் தள்ளுவது, மேசையின் உள்சுவரில் கண்ணாடி பதித்திருப்பது என்று எதுவும் சும்மா வைத்ததில்லை. காரணம் தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கை தானாகவே சரியாக நடந்துகொள்ளும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு பகடையின் பின்னாலேயே போகப் போகிறோம். உறை பிரிக்கும் நேரத்திலிருந்து அது மேசையை விட்டுப் போகும் நேரம் வரை என்னென்ன காவல், அந்தந்த இடத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஏழு என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகடை வீசுபவருக்கு ஷூட்டர் என்று பெயர். பாஸ் லைன் என்ற கோட்டில் பந்தயம் வைக்கிறீர்கள். முதல் வீச்சில் இரண்டு பகடைகளின் கூட்டல் 7 அல்லது 11 வந்தால் ஜெயம். 2, 3, 12 வந்தால் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் ஒன்று வந்தால் அதுதான் பாயிண்ட். அதற்குப் பிறகு அதே எண் மறுபடி வந்தால் ஜெயம், அதற்கு முன் 7 வந்துவிட்டால் தோல்வி.

இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அதில் 6 விதம் ஏழைத் தரும், வேறு எந்த எண்ணுக்கும் இத்தனை வழி கிடையாது. முதல் வீச்சில் நண்பனாக இருக்கும் ஏழு, பாயிண்ட் விழுந்த பிறகு எதிரியாகிவிடுகிறது. ஏழு வரும் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ முடிந்தால் ஆட்டமே கைக்குள் வந்துவிடும். பகடை மோசடியில் பெரும்பாலானவை ஏழைச் சுற்றித்தான் நடக்கின்றன.

கேசினோவின் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். நேர்மையான பகடையில் 495 பாஸ் லைன் பந்தயங்கள் முடிந்தால் சராசரியாக 244 ஜெயிக்கும், 251 தோற்கும். வித்தியாசம் வெறும் 7. அதாவது கேசினோவின் லாபம் 1.41 சதவீதம்தான். இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் ஆட்டத்தில் பகடை துளி சாய்ந்தாலும் கணக்கு புரண்டுவிடும்.

'கேசினோவே பொய்ப் பகடை வைத்திருந்தால்?' என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அமெரிக்காவில் அதுவும் நடந்தது. அப்போது வங்கிக்கு, அதாவது பந்தயங்களை ஏற்று ஆட்டத்தை நடத்துபவருக்கு, எதிரான கிராப்ஸ் ஆட்டத்தில் ஷூட்டர் ஜெயிப்பார் என்று மட்டுமே பந்தயம் வைக்க முடியும். தோற்க வைக்கும் பகடையை வங்கிக்காரர் உள்ளே விட்டால் எல்லோரும் தோற்க வேண்டியதுதான். 1907 வாக்கில் ஜான் எச். வின் என்ற பகடை தயாரிப்பாளர், ஷூட்டர் தோற்பார் என்றும் பந்தயம் வைக்கும்படி மேசையை மாற்றினார். டோன்ட் பாஸ் என்று இன்று இருப்பது அதுதான். மேசையில் இரண்டு பக்கமும் பணம் வைக்கலாம் என்று ஆன பிறகு, சாய்ந்த பகடை வங்கியையே கடிக்க ஆரம்பித்தது. பகடை நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் உங்களைவிடக் கேசினோவுக்கு அக்கறை அதிகம் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

மேசையைச் சுற்றி யார் யார்

நடுவில் உட்கார்ந்திருப்பவர் பாக்ஸ்மேன். பணப்பெட்டியும், பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் சிப் என்ற வில்லைகளின் அடுக்கும் அவர் பொறுப்பு, தகராறு வந்தால் முதல் தீர்ப்பும் அவருடையதுதான். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு டீலர். எதிர்ப்பக்கம் வளைந்த குச்சியோடு நிற்பவர் ஸ்டிக்மேன். பகடை முழுக்க அவருடைய கண்ணில். இவர்களுக்குப் பின்னால் பல மேசைகளைப் பார்க்கும் மேற்பார்வையாளர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். ஆள் குறைந்த மேசையில் பாக்ஸ்மேன் இல்லாமலும் ஆட்டம் நடக்கும்.

நான்கு பேரும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பகடை பறக்கும்போது ஸ்டிக்மேன் பகடையைப் பார்ப்பார், டீலர்கள் தங்கள் பக்கத்துச் சிப்களையும் கைகளையும் பார்ப்பார்கள். எல்லோரும் பகடையையே பார்த்தால் சிப்கள் திருடு போகும். எல்லோரும் சிப்பையே பார்த்தால் பகடை மாறிவிடும். பார்வையை இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதுதான் இந்த மேசையின் முதல் காவல்.

பகடையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வீட்டு விளையாட்டுகளில் வரும் பகடையோடு கேசினோ பகடையை ஒப்பிடவே முடியாது. வீட்டுப் பகடைக்கு மூலைகள் உருண்டிருக்கும், புள்ளிகள் குழிந்திருக்கும், உடல் ஒளி புகாததாக இருக்கும். கேசினோ பகடை செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த ஒளி புகும் கட்டி. பக்கம் முக்கால் அங்குலம், ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். விளிம்பும் மூலையும் கத்தி முனை போலக் கூர்மையாக இருக்கும். விரலால் முகத்தைத் தடவினால் புள்ளி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. துளையிட்டு, தோண்டி எடுத்த பொருளின் எடைக்குச் சமமான பூச்சை அதில் நிரப்பி, மட்டமாகத் தேய்த்திருப்பார்கள். குழி அப்படியே இருந்தால், ஆறு குழி உள்ள முகம் ஒரு குழி உள்ள முகத்தைவிட லேசாக இருக்குமே, அந்தத் துளி வித்தியாசத்தைக்கூட விட்டுவைப்பதில்லை.

ஒளி புக வேண்டும் என்பது அழகுக்காக அல்ல. உள்ளே ஈயத்தையோ பாதரசத்தையோ ஒளித்து ஒரு பக்கத்தைக் கனமாக்குவது பழைய வித்தை. உள்ளே பார்க்க முடிந்தால் ஒளிக்க இடமில்லை. மிச்சம் இருக்கும் ஒரே மறைவிடம் வெள்ளைப் புள்ளிகளுக்கு அடியில்தான். அங்கே மெல்லிய கன உலோகத்தைத் திணிக்கப் பார்ப்பார்கள். அதற்கான சோதனையும் இருக்கிறது, அடுத்து வருகிறது.

முகத்தில் கேசினோவின் பெயரும் ஒரு வரிசை எண்ணும் அச்சடித்திருக்கும். ஒரு தொகுதியில் வரும் பகடைகளுக்கு ஒரே எண். சில பகடைகளில் ஒரு புள்ளிக்குப் பின்னால் சிறு எழுத்து ஒன்றை மறைத்து வைத்திருப்பார்கள், எதிர் முகத்தின் வழியே உள்ளே பார்த்தால்தான் தெரியும். என் பகடையைப் பாக்ஸ்மேன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாரே, இந்த மாதிரி அடையாளங்களைத்தான் தேடியிருப்பார். நிறத்தையும் மினுமினுப்பையும் மாற்றி மாற்றி வைப்பதும் உண்டு. நேற்றைய சிவப்புப் பகடையைப் பார்த்துப் போலி செய்து இன்று கொண்டுவந்தால், மேசையில் வேறு நிறம் உருண்டுகொண்டிருக்கும்.

மேசைக்கு வரும் முன் நடக்கும் சோதனை

புதுப் பகடைகள் ஐந்தைந்தாக அடுக்கிச் சுற்றிய உறையில் வரும், பூட்டிய அலமாரியில் இருக்கும். உறையைப் பிரிப்பதும் எண்ணைப் பதிவதும் ஒருவர் தனியாகச் செய்கிற வேலை இல்லை. ஆட்டப் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் சேர்ந்து நிற்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில விதிகள் இதற்கு நான்கு கருவிகளையும் பெயர் சொல்லிக் கேட்கின்றன: மைக்ரோமீட்டர், சமநிலை காலிப்பர், எஃகு மூலைமட்டம், காந்தம்.

மைக்ரோமீட்டர் மூன்று திசையிலும் பக்கத்தை அளக்கும். ஒரு பக்கத்தைச் சீவியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். உதாரணமாக, 1 முகத்தையோ 6 முகத்தையோ சீவி அந்தத் திசையில் பகடையைத் தட்டையாக்கிவிட்டால் 1-ம் 6-ம் மற்றவற்றைவிட அதிகமாக மேலே வரும். ஒன்றும் ஆறும் சேர்ந்தால் ஏழு, இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், முகம் வளைந்திருக்கிறதா, மூலை 90 பாகையில் இருக்கிறதா என்று இடுக்கில் கசியும் ஒளி சொல்லிவிடும். காந்தம் எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பிடித்தது காலிப்பர் சோதனை. இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே, நேரெதிர் மூலைகள் இரண்டில் பகடையைத் தாங்கிப் பிடிப்பார்கள். இறுக்காமல், தொட்டால் சுழலும் அளவுக்குத்தான் பிடி இருக்கும். விரலால் லேசாகத் தட்டிவிடுவார்கள். எடை சரியாக இருந்தால் பகடை சுழன்று எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஒரு பக்கம் கனமாக இருந்தால், நிற்பதற்கு முன் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி, கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். மறுபடி தட்டினாலும் அதே இடம்தான். ஒரு கனசதுரத்துக்கு இப்படி நான்கு மூலைவிட்டங்கள் உண்டு, நான்கிலும் பார்க்க வேண்டும். கனம் நேராக அச்சின் மேலேயே இருந்தால் அந்த ஒரு பிடியில் மட்டும் தெரியாமல் தப்பிவிடும்.

இதில் பாதியை நீங்கள் கருவி இல்லாமலே செய்யலாம். எங்கேயாவது நண்பர்கள் கூட்டத்தில் யாரோ கொண்டுவந்த பகடையில் பணம் வைக்கிற சூழ்நிலை வந்தால், இரண்டு பகடைகளையும் பக்கத்தில் பக்கமாக மட்டமான பரப்பில் வையுங்கள். சேரும் இடத்தின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். ஒன்றைத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டுங்கள். எல்லா முகத்துக்கும் இப்படிப் பாருங்கள். நகம் தட்டினால் உயரம் வேறு என்று பொருள். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மூலைக்கு மூலை மெதுவாகப் பிடித்து, அது தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். உயரமான தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் வேறு முகம் மேலே இருக்கும்படி போடுங்கள். எப்படிப் போட்டாலும் உருண்டு ஒரே முகத்தோடு அடியில் உட்கார்ந்தால் அந்தப் பகடையில் ஆடாதீர்கள்.

கண்ணை ஏமாற்றும் பகடையும் அந்தக் கண்ணாடியும்

கனம் ஏற்றிய பகடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிட ஆபத்தானது புள்ளி மாற்றிய பகடைதான். எடை சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், மூலையும் சரியாக இருக்கும். முகங்களில் மட்டும் 1, 3, 5 என்ற மூன்று எண்களே இரண்டிரண்டு முறை இருக்கும். ஒரே எண்கள் எதிரெதிர் முகங்களில் இருப்பதால் கண்ணில் படாது. ஒரு கனசதுரத்தை எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நேரத்தில் மூன்று முகங்களுக்கு மேல் தெரியாதல்லவா? ஒரு 1, ஒரு 3, ஒரு 5 தெரியும். பார்ப்பவருக்குச் சாதாரணப் பகடை.

இப்போது இரண்டு பகடைகளும் இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒற்றைப்படையும் ஒற்றைப்படையும் சேர்ந்தால் இரட்டைப்படை. வரக்கூடிய கூட்டல் 2, 4, 6, 8, 10 மட்டும்தான், ஏழு வரவே வராது. பாயிண்ட் விழுந்த பிறகு இந்தப் பகடைகள் உள்ளே வந்துவிட்டால் ஷூட்டர் தோற்க வழியே இல்லை. முதல் வீச்சிலிருந்தே இருந்தால்கூட, 2 விழுந்தால் மட்டும்தான் தோல்வி. அது 9-ல் ஒரு வாய்ப்பு. அதே பகடைகளில் ஒன்றை 2, 4, 6 பகடையோடு ஜோடி சேர்த்தால் கதை தலைகீழ்: கூட்டல் எப்போதும் ஒற்றைப்படை, மூன்றில் ஒரு வீச்சு ஏழு.

இப்படிப்பட்ட பகடையை யாரும் நெடுநேரம் மேசையில் விடமாட்டார்கள். பாயிண்ட் விழுந்ததும் உள்ளங்கையில் ஒளித்து வைத்ததை வீசிவிட்டு, ஒன்றிரண்டு வீச்சில் காரியம் முடிந்ததும் பழையதைத் திருப்பிவிடுவார்கள். அந்தச் சில விநாடிகளைப் பிடிக்கத்தான் கண்ணாடி. மேசையின் உள்சுவரில், பாக்ஸ்மேனுக்கு எதிர்ப்பக்கம், நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டக்காரர்கள் முகம் பார்க்க வைத்தது என்று நான் முதலில் நினைத்திருந்தேன். பகடையின் இந்தப் பக்க முகம் பாக்ஸ்மேனுக்கு நேராகத் தெரியும், அந்தப் பக்க முகம் கண்ணாடியில் தெரியும். இரண்டிலும் ஒரே எண் தெரிந்தால் பகடை பொய் சொல்கிறது. நேர்மையான பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வர வேண்டும்: 1-க்கு எதிரே 6, 2-க்கு எதிரே 5, 3-க்கு எதிரே 4.

ஸ்டிக்மேன் பகடைகளை உங்களிடம் தள்ளும் முன் குச்சியால் புரட்டிப் புரட்டி விடுவதையும் கவனியுங்கள். சில சமயம் அது வெறும் பழக்கம் போலத் தெரியும். நல்ல ஸ்டிக்மேன் அந்தப் புரட்டலில் முகங்களைப் பார்த்துவிடுவார்.

பகடை உங்கள் கைக்கு வரும்போது

உங்கள் முறை வந்ததும் ஸ்டிக்மேன் ஐந்து பகடைகளைத் தள்ளுவார். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்ற மூன்றும் கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். தேர்வு உங்களுடையது என்பதால் குறிப்பிட்ட ஒரு பகடையை உங்கள் தலையில் கட்ட முடியாது, ஒன்று தொலைந்தால் அதே தொகுதியிலிருந்து மாற்றுப் பகடையும் தயாராக இருக்கும். வீச விருப்பம் இல்லையென்றால் "வேண்டாம்" என்று கை காட்டினால் போதும், பகடை அடுத்தவருக்குப் போய்விடும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வீசுகிறீர்கள் என்றால் எடுத்த கையிலேயே வைத்திருங்கள், மாற்றாதீர்கள். இன்னொரு கையால் தொட வேண்டாம், ஊத வேண்டும் என்று தோன்றினாலும் பகடையை வாயருகே கொண்டுபோக வேண்டாம். கை மேசையின் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். விளிம்புக்கு வெளியே, மடிப் பக்கம், சட்டைப் பக்கம் போகக் கூடாது. பகடை மாற்றும் வித்தை முழுக்க இரண்டு கைகள் சந்திக்கிற கணத்திலும், கை கண்ணிலிருந்து மறையும் கணத்திலும்தான் நடக்கிறது. அந்த இரண்டு கணங்களையும் எடுத்துவிட்டால் வித்தைக்காரருக்கு வேலை இல்லை. நான் கையைத் துடைத்தபோது செய்தது, வெளியே நின்று பார்ப்பவருக்கு அச்சாக அந்த அசைவுதான்.

பகடைகளை உங்களுக்குப் பிடித்த எண் மேலே இருக்கும்படி அடுக்கிவிட்டு வீசலாமா? பெரும்பாலான மேசைகளில் வீசலாம், அது மோசடி இல்லை. ஆனால் சட்டென்று முடியுங்கள். பத்து விநாடி அடுக்கிக்கொண்டிருந்தால் ஸ்டிக்மேன் அவசரப்படுத்துவார், சுற்றி நிற்பவர்களும் முகம் சுளிப்பார்கள்.

வீசும்போது இரண்டு பகடைகளும் எதிர்ச்சுவரில் பட வேண்டும். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் ரப்பரில் சின்னச் சின்னப் பிரமிடுகள் வரிசையாக இருக்கும். பகடை எந்தக் கோணத்தில் போய் இடித்தாலும் வேறொரு கோணத்தில் சிதறும். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் அந்தப் பிரமிடு கலைத்துவிடும். ஒருமுறை பகடை சுவரை எட்டவில்லை என்றால் எண்ணை ஏற்றுக்கொண்டு, "சுவரில் படட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். திரும்பத் திரும்ப எட்டாமல் போனால் பகடையை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். உயரத் தூக்கி எறியவும் வேண்டாம், எதிரே நிற்பவரின் கண் மட்டத்துக்குக் கீழேயே ஒரு மென்மையான வளைவு போதும்.

உருளாத பகடை

சுவர் விதி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். சறுக்கல் என்று ஒரு மோசடி இருக்கிறது. இரண்டு பகடைகளில் ஒன்று வழக்கம்போல உருண்டு போகும். இன்னொன்று உருளாமல், மேலே இருந்த எண் மேலேயே இருக்க, துணியின் மேல் வழுக்கிப் போய் நிற்கும். ஆறு மேலே இருக்கும்படி சறுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். 12 வர வேண்டுமானால் இன்னொரு பகடையிலும் ஆறு விழ வேண்டும், அது 6-ல் ஒரு வாய்ப்பு. நேர்மையான ஆட்டத்தில் 12 வருவது 36-ல் ஒரு வாய்ப்பு என்பதால் அந்தப் பந்தயத்துக்கு ஒன்றுக்கு 30 என்று கொடுப்பார்கள். 36-ல் ஒன்று என்று விலை போட்ட சரக்கை 6-ல் ஒன்றுக்கு வாங்குவது போல.

2011-ல் லாஸ் வேகாஸின் வின் கேசினோ, பகடை சறுக்கித் தன்னிடம் சுமார் 7 லட்சம் டாலர் எடுத்துவிட்டதாக இருவர்மீது வழக்குப் போட்டது. (மேலே சொன்ன ஜான் வின்னுக்கும் இந்தக் கேசினோவுக்கும் சம்பந்தமில்லை.) இந்த வித்தை தனி ஆளாகச் செய்வதில்லை. ஒருவர் வீசும்போது கூட்டாளி மேசையின் மேல் குனிந்து கடைசி நேரப் பந்தயம் வைப்பார், கேள்வி கேட்பார், சிப்பைத் தவறவிடுவார், ஸ்டிக்மேனின் பார்வை ஒரு நொடி திரும்பினால் போதும். அதனால்தான் பகடை புறப்படும் நேரத்தில் நீங்கள் பேச்சுக் கொடுத்தால் டீலர் பதில் சொல்லாமல் இருப்பார். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சறுக்கல் கண்ணில் பட்டால் எண் விழும் முன்பே "நோ ரோல்" என்று சத்தமாகச் சொல்வார்கள், அந்த வீச்சு செல்லாது. வேண்டுமென்றே செய்வது, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலச் சட்டப்படி மோசடி. சிறைக்குப் போக நேரிடும்.

சிப்கள் விஷயத்தில் கொஞ்சம்

பகடையைத் தொடாமலும் ஏமாற்றலாம். எண் தெரிந்த பிறகு பந்தயம் வைப்பது, ஜெயித்த அடுக்கின் மேல் இன்னொரு சிப்பை ஏற்றுவது, தோற்ற அடுக்கிலிருந்து ஒன்றைக் கிள்ளுவது என்று மூன்று பழைய வழிகள் உண்டு. எனவே பகடை புறப்படும் அழைப்பு வந்ததும் கைகளை மேசையின் மேலிருந்து எடுத்துவிடுங்கள். பகடை உங்கள் கையில் இடித்து ஏழு விழுந்தால் மேசை முழுக்க உங்களைப் பார்க்கும், அதுவும் ஒரு காரணம். பணம் மாற்ற வேண்டுமானால் டீலரின் கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள். கையிலிருந்து கைக்குப் போகும் பணம் கேமராவுக்குத் தெரியாது. டீலர்கள் மேசையை விட்டுப் போகும்போது கையைத் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போவதும் இதே காரணத்துக்காகத்தான்.

உள்ளே இருப்பவர்களே சேர்ந்தால்தான் கஷ்டம். லாஸ் வேகாஸின் பெல்லாஜியோ கேசினோவில் 2014-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஹாப் என்பது அடுத்த ஒரே வீச்சுக்கு வாயால் சொல்லி வைக்கும் பந்தயம். ஆட்டக்காரர் ஏதோ முணுமுணுப்பார். எண் விழுந்த பிறகு, அதைத்தான் சொன்னார் என்று கூட்டாளி டீலர் பணம் கொடுப்பார். இப்படி 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. அங்கே பகடையில் எந்தக் குறையும் இல்லை. மேசையில் பார்வையைப் பங்கு போட்டுக்கொண்டவர்களே ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். இவ்வளவு தொடர்ச்சியாக ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்ற கணக்கும் கடைசியில் அவர்களுக்கு எதிராக நின்றது. நீங்கள் வாயால் பந்தயம் சொல்வதாக இருந்தால் பகடை புறப்படும் முன், தெளிவாகச் சொல்லுங்கள். டீலர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் பந்தயம் ஏற்றதாக அர்த்தம்.

கேமராவைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஒவ்வொரு மேசைக்கும் மேலே இருக்கிறது, மேலே ஓர் அறையில் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மேசையில் இருப்பவர்கள் விதியைக் கடைப்பிடிக்காவிட்டால் கேமராவுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. கை மேசைக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான், கீழே போன கை படத்தில் குற்றமாகத் தெரிகிறது.

பகடை கீழே விழுந்தால்

எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். பகடை மேசையைத் தாண்டிக் குதித்துத் தரையில் உருண்டு போகும். குனிந்து எடுத்துச் சட்டென்று வீசிவிடாதீர்கள். காலடியில் இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அது நேராகப் பாக்ஸ்மேனிடம் போக வேண்டும். அவர் எண், பெயர், மறைந்த எழுத்து, முகங்கள், விளிம்பு சிதைந்திருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பார். தரையில் கிடந்த அந்தச் சில விநாடிகள் யார் கண்ணிலும் இல்லாத நேரம். பகடை மாற்ற அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அதே பகடை வேண்டும் என்று நம்பிக்கையாக இருப்பவர்கள் "அதே பகடை" என்று கேட்பார்கள், சரியாக இருந்தால் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் கிண்ணத்தில் இருக்கும் மூன்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கே பகடைமீது சந்தேகம் வந்தால் தயங்காமல் பாக்ஸ்மேனிடம் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பணம் கொடுத்ததில் தகராறு என்றால் சிப்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்போது, அடுத்த வீச்சுக்கு முன்பே சொல்லுங்கள். மேலே கூப்பிட்டுப் பதிவைப் பார்க்கச் சொல்லலாம். நெவாடாவில் 500 டாலர் அல்லது அதற்கு மேலான தகராறு பேசித் தீரவில்லை என்றால், கேசினோ உடனே மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பகடையின் கடைசி வேலை

நூற்றுக்கணக்கான முறை சுவரில் மோதிய பகடையின் விளிம்பு மழுங்கும், மூலை உடையும். அதனால் அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். பல இடங்களில் ஒவ்வொரு பணிநேர மாற்றத்தின்போதும் புதிது வரும். நியூ ஜெர்சி விதிப்படி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வெளியே எடுத்த பகடைகளை எண்ணி, உறையில் போட்டு, மறுபடி ஒருமுறை கருவிகளில் வைத்துப் பார்ப்பார்கள். ஆடும் நேரத்தில் யாராவது கைவைத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

பிறகு அதே பகடை எந்த மேசைக்கும் திரும்பி வராதபடி நடுவில் துளையிடுவார்கள், அல்லது முகத்தில் ஆழமாக ஒரு முத்திரை போடுவார்கள். சில கேசினோக்களின் அன்பளிப்புக் கடையில் அவற்றை விற்பார்கள். ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்பின் கூர்மையையும், மட்டமான புள்ளிகளையும், வரிசை எண்ணையும் அவசரமில்லாமல் கையில் வைத்துப் பார்க்கலாம். ஒரே கையில் எடுத்து, எதிர்ச்சுவரில் படும்படி வீசிப் பழகுவதற்கும் அது போதும், துளை இருந்தாலும் பரவாயில்லை.